பாஸ்வேர்டு கேட்ட பழைய சர்வர்

பிள்ளைகளா, உங்கள் அப்பாவை ஒரு நாள் திருடன் என்று நினைத்தார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை, பார்வையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், திருநள்ளாற்றில் நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் லாட்ஜில் நடந்தது இது.

அறைப் பதிவையும் கேமராப் பதிவையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க ஒரு சர்வர் வேண்டும் என்றார் முதலாளி. சர்வர் என்றால் பெரிய அதிசயம் இல்லை, அணைக்காமல் ஓடுகிற பெரிய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். பழையதே போதுங்க, நான் பார்த்து வாங்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான். பத்தாவதோடு நின்றவன் நான். கம்ப்யூட்டர் எல்லாம் கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டது. சென்னையில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் பில்லோடு வாங்கி, பார்சலில் வரவழைத்தேன்.

அது வந்தது ஒரு புதன்கிழமை. உடம்பெல்லாம் பழைய கம்பெனியின் ஸ்டிக்கர்கள். நம் பக்கத்தில் பழைய பைக் வாங்கினாலும் முதல் வேலை என்ன? முன்னால் இருந்தவர் ஒட்டியதை உரித்துவிட்டுச் சந்தனம் குங்குமம் வைப்பதுதானே? அதே மாதிரி மண்ணெண்ணெய் தொட்டு எல்லாவற்றையும் உரித்தேன். முகப்பில் பொட்டு வைத்தேன். சூடம் காட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. பாஸ்வேர்டு கொடு என்றது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் போடுகிற பாஸ்வேர்டு இல்லை இது. மெஷின் கண் விழிக்கும்போதே கேட்பது. பயாஸ் பாஸ்வேர்டு என்பார்கள். அது தெரியாமல் உள்ளே எதையும் ஏற்ற முடியாது. மூன்று தடவை தப்பாகப் போட்டேன், அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

விற்றவருக்குப் போன் போட்டேன். "நாங்க ஏலத்துல மொத்தமா லாட்டா எடுத்ததுண்ணே, பாஸ்வேர்டெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று வைத்துவிட்டார். மெஷினைத் தயாரித்த கம்பெனியில் கேட்டால் பில் போதாது, மெஷினில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். நம்பர் நான் உரித்த ஸ்டிக்கரில் இருந்தது. அந்த ஸ்டிக்கர் குப்பை வண்டியில் போய்விட்டது. பொட்டு வைத்தது தப்பில்லை பிள்ளைகளா. உரிப்பதற்கு முன் படித்துப் பார்க்காதது தப்பு.

மறுநாள் மேனேஜர் காரைக்காலிலிருந்து ரிப்பேர்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் உள்ளே இருந்த பட்டன் பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் வைத்து மாட்டினார். மெஷினுக்குத் தேதியும் மணியும் மறந்துபோயின. பாஸ்வேர்டு மட்டும் மறக்கவில்லை. "மேல ஒரு ஸ்டிக்கர்கூட இல்ல, பாஸ்வேர்டும் தெரியல. எங்க சார் புடிச்சீங்க இத?" என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

பில்லை நீட்டினேன்.

"பில்லுல நம்பர் இருக்கு. மெஷின்ல எங்கய்யா நம்பரு?" என்றார் மேனேஜர்.

"நான்தாங்க உரிச்சேன். பொட்டு வைக்கிறதுக்கு."

ரிப்பேர்காரர் சிரித்துவிட்டார். "அப்படியே மொட்டை அடிச்சுக் காதும் குத்தியிருக்கலாமேண்ணே!"

மேனேஜர் சிரிக்கவில்லை. "நாளைக்கு முதலாளி வர்றாரு. அதுக்குள்ள இது திரும்பிப் போயிடணும். நாளப்பின்ன போலீசு கீலீசுன்னு வந்து நின்னா நான் பதில் சொல்ல முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. திருப்பி அனுப்பினால் திருட்டுச் சாமான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. "அனுப்ப மாட்டேங்க. முதலாளி வரட்டும், அவரு முன்னாடியே திறந்து காட்டுறேன்" என்றேன். எப்படித் திறப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே கோவில்பத்து வீட்டிலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன். போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. எனக்குத் தெரிந்த வேலை எது? கரண்ட் வேலை. எந்த சுவிட்ச் பேனலைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது உள்ளே இல்லை, கதவின் உட்புறத்தை. அங்கேதான் வயரிங் படம் ஒட்டியிருப்பார்கள். இந்த சர்வரின் மூடியைக் கழற்றிய போதெல்லாம் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருந்தோம்.

லாட்ஜுக்குப் போனதும் மூடியை மடியில் கவிழ்த்துப் போட்டேன். இருந்தது! உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் படம் முழுசாக அச்சடித்திருந்தது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, தெரியாததைப் போனில் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் படித்தேன். ஒரு மூலையில் மூன்று ஊசிகள். நடு ஊசியையும் பக்கத்து ஊசியையும் ஒரு குட்டித் தொப்பி சேர்த்துப் பிடித்திருந்தது. தொப்பி இந்தப் பக்கம் இருந்தால் பாஸ்வேர்டு உண்டு, அந்தப் பக்கம் மாற்றினால் இல்லை. ஜம்பர் என்று அதற்குப் பெயர். எங்கள் தொழிலில் லிங்க் என்போம். இருபது வருடமாக மோட்டார் டெர்மினலில் லிங்க் மாற்றுகிறவன் நான். இதற்காகவா இரண்டு நாள் தலை குனிந்து நின்றேன் என்று கோபமே வந்தது.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். மேனேஜரும் நின்றார். இரண்டு பவர் கேபிளையும் உருவினேன். சின்ன இடுக்கியால் தொப்பியைப் பிடுங்கி அந்தப் பக்கம் மாட்டினேன். கேபிளைச் செருகிப் பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் இரைந்தன. இந்தத் தடவை அது எதுவும் கேட்கவில்லை. செட்டப்புக்குள் போனால் முதல் பக்கத்திலேயே சீரியல் நம்பர். முதலாளி பில்லைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது.

"அப்புறம் என்ன, ஆகுற வேலையப் பாருங்க" என்று முதலாளி போய்விட்டார். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "குருட்டு அதிர்ஷ்டம்யா ஒனக்கு" என்றார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின், அது அதிர்ஷ்டம்தானா என்று பார்த்துவிட சர்வர் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தொப்பியைப் பழைய இடத்தில் மாட்டி, நானே ஒரு பாஸ்வேர்டு போட்டு மெஷினைப் பூட்டினேன். வேண்டுமென்றே மூன்று தடவை தப்பாக அடித்தேன், உறைந்து நின்றது. பிறகு கேபிளை உருவி, தொப்பியை மாற்றி, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து மறுபடி திறந்தேன். பார்க்க ஒரு ஆளும் இல்லாமல் திறந்த அந்த இரண்டாவது தடவைதான், இன்றைக்கும் யாராவது என்னை ஏற இறங்கப் பார்த்தால் என்னை நிமிர்ந்து நிற்க வைக்கிறது.