வரி இல்லை, கட்டணம்

வரி வசூலிக்கிற வேலையில் பாதி, வாங்குகிற பணத்துக்குப் பெயர் சொல்வது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பேரூராட்சியில் வீடு வீடாகப் போய் நான் அதைத்தான் செய்கிறேன். ரசீதில் இருக்கும் பெயர்களைப் படித்துவிட்டு நீங்கள் புரியாமல் முழித்திருந்தால், எழுதிக் கொடுத்தவளும் உங்கள் கட்சிதான்.

ஏறாத வரி

மளிகைக்கடை அண்ணாச்சி ரசீதைத் திரும்பவும் படித்தார். "வீட்டு வரி இந்த வருசம் ஏறாதுன்னு மைக் கட்டிச் சொன்னிய. தொகை கூடியிருக்கே?"

"வரி ஏறலை அண்ணாச்சி. இது திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம், குப்பை எடுக்கிறதுக்கு. வரி வேற, கட்டணம் வேற." ஆபீஸில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. கல்லாவைத் திறந்துகொண்டே பைய கேட்டார்: "ரெண்டையும் இதுல இருந்துதானம்மா எடுக்கேன்?"

மாரியக்கா வீடு

மாரியக்கா எங்கள் பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். தான் குடியிருக்கும் தெருவிலும் குப்பை அள்ளுவது அவர்தான். அவர் வீட்டுக்கும் அந்தக் கட்டணம் விழுந்திருந்தது. அவருக்கு மட்டும் விட்டுவிடலாமா என்று செயல் அலுவலரிடம் கேட்டுப் பார்த்தேன். "விலக்கு கொடுக்க வழி இல்லையேம்மா" என்றார்.

மறுநாள் மாரியக்கா வாசலில் நின்று ரசீதை நீட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே போய்ப் பணமும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்: "இனிமே எங்க வீட்டுக் குப்பைய எடுக்க வேற ஆள் வருவாவளா, இல்ல நாந்தான் எடுக்கணுமா மேடம்?"

காலிமனை

பேச்சியம்மாள் வாழைத் தோட்டத்துக் கூலி. வெள்ளத்தில் அவருடைய மண்வீடு கரைந்துபோய், சேரன்மகாதேவியில் மகள் வீட்டில் ஒண்டியிருந்தார். இல்லாத வீட்டுக்கு வரி வேண்டாம் என்று மனு கொடுக்கச் சொன்னதே நான்தான். எழுதிக் கொடுத்ததும் நான்தான். வீட்டு வரி ரத்தானது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று கொஞ்ச நாள் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

வீடு என்கிற பெயர் போனதும், கம்ப்யூட்டரில் அந்த இடம் காலிமனை ஆகியிருந்தது. காலிமனைக்கு ஒரு வரி உண்டு. பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்தபோது அதை மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். இதுக்கும் ஒரு மனு எழுதலாம் என்றேன். அவர் கேட்டார்: "வாசப்படி இன்னும் அங்கனதான் கெடக்கு. அத காலின்னு எப்படிம்மா சொல்லுதிய?"

இப்போதெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.