மான் தாண்டிய முகூர்த்தப் பட்டு

மழைக்காலத்தில் எங்கள் ஊர் மான்களைப் போல மரியாதை தெரிந்தவை எங்கும் கிடையாது. சிங்கவரத்து மலைச்சரிவில் புல் முழங்கால் உயரம் நிற்கும். மான் கீழே எட்டிக்கூடப் பார்க்காது. தை கடந்து புல் காய்ந்தால், உதிர்ந்த இலந்தைப்பழம், கருவேலங்காய் என்று பொறுக்கித் தின்று மாசியை ஓட்டிவிடும். பங்குனியில் அதுவும் தீர்ந்துபோகும். அப்போது மலையிலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிவது எங்கள் கிணற்றடி மல்லாட்டைக் கொல்லைதான். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். பன்றியைப் போல மான் தோண்டாது. கொழுந்தை மட்டும் வரிசையாகக் கிள்ளிவிட்டுப் போகும். கொழுந்து போனால் காய் திரளாது.

அதற்காகத்தான் புடவை வேலி. கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டு, பழைய நைலக்ஸ் புடவைகளை நீளவாட்டில் கட்டிவிடுவார்கள். அவை காற்றில் படபடக்க, மான்கள் மிரண்டு ஒதுங்கும். நான் நான்காவது படித்த வருஷம் புடவை போதாமல் கிழக்கு மூலை திறந்து கிடந்தது.

அந்த வருஷம் நைனாவின் தங்கை எங்களோடு இருந்தாள். கல்யாணமான மறுவருஷமே திண்டிவனத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கிய அத்தை. ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டிருப்பாள். மாமா போன் செய்யும்போதெல்லாம், மல்லாட்டை பிடுங்கியதும் கொண்டுவந்து விடுகிறேன் என்பார் நைனா. அத்தை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கோ, அவள் போய்விட்டால் யார் ஜடை பின்னுவார்கள் என்ற கவலை.

ஒரு சாயங்காலம் அவள் பையைத் திறந்து, அரக்கு நிற முகூர்த்தப் பட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஜரிகை மினுமினுக்க அதைக் கிழக்கு மூலையில் கட்டத் தொடங்கியதும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்குத் தரக்கூடாதா, பெரியவளானதும் கட்டிக்கொள்ள மாட்டேனா என்று கேட்டேன்.

“இது உனக்கு வேணாண்டி,” என்றாள் முடிச்சை இறுக்கிக்கொண்டே.

மானுக்குக் கொடுக்க மனசு வருகிறது, மருமகளுக்குக் கொடுக்க வரவில்லையாக்கும். அவளோடு டூ விட்டுவிட்டேன்.

விடிந்து போய்ப் பார்த்தால், நைலக்ஸ் கட்டிய பக்கமெல்லாம் ஒரு குளம்படி இல்லை. கிழக்கு மூலையில் மட்டும் சால் சாலாகக் கொழுந்து மொட்டை. பட்டு கனமானது, ஜரிகை வேறு. காற்றுக்கு அசையாமல் சும்மா தொங்கியிருக்கிறது. மான்கள் சாவகாசமாகத் தாண்டி வந்து தின்றுவிட்டுப் போயிருக்கின்றன.

நைனாவுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவரோ அந்தப் புடவையைப் பிடித்துப் பார்த்தபடியே நின்றார். செஞ்சி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி அவரே எடுத்துக் கொடுத்தது அது.

“இது அசையவே மாட்டேங்குதுண்ணா,” என்று சிரித்த அத்தை, அப்படியே அழ ஆரம்பித்தாள்.

நைனா முடிச்சுகளை அவிழ்த்தார். வீட்டுக்குப் போய், விசேஷத்துக்கென்று அம்மா வைத்திருந்த ஒரே ஷிபான் புடவையைக் கொண்டுவந்து அங்கே கட்டினார். அதற்காகச் சண்டை போடாத அம்மாவை அன்றுதான் பார்த்தேன்.

மல்லாட்டை பிடுங்கி முடிந்தது. மாமா போன் செய்தபோது, அவள் இனிமேல் அங்கே வரமாட்டாள் என்று சொல்லி வைத்துவிட்டார் நைனா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மான் தின்றதற்கா இவ்வளவு பெரிய தண்டனை? ஜடை போனாலும் பரவாயில்லை என்று துணிந்து, அத்தைக்காகப் பரிந்து பேசினேன்.

“பாவம் நைனா. அத்தைய மன்னிச்சி அவங்க வூட்டுக்கே அனுப்பிடு.”

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தைதான் வந்து என்னை மடியில் இழுத்து, ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள். அன்றைக்கு அரைக்கை ரவிக்கை போட்டிருந்தாள். கை முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்களாகத் தழும்பு.

அடுப்பில் சுட்டுக்கொண்டாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இனிமேல் ஜாக்கிரதையாகச் சமைக்கும்படி அவளுக்குப் புத்தி சொன்னேன்.