கடைசி அறையின் தலைவி

பகலில் தூங்குகிறவர்களின் அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. தேங்காய் எண்ணெயும், காயாத யூனிபார்மும், ஊரிலிருந்து வந்த கருவாடும் கலந்த அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளை எல்லோரும் "லைன் வூடு" என்பார்கள். அதில் கடைசி அறையில் கம்பெனி வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பெண்கள் ஆறு பேர், ஷிப்டுக்கு ஷிப்ட் பாய் மாற்றிப் படுப்பார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. தொழிற்பேட்டையைப் பெரிதாக்க வயல்களை அளந்துகொண்டிருந்த காலம் அது. கையில் பேப்பரோடு யார் வந்தாலும் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். தலையை எண்ணிவிட்டு அடுத்து நிலத்தை எடுப்பார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அம்மாவின் பயம் வேறு. ஓர் அறையில் ஆறு பேர் என்று தெரிந்தால் வீட்டு வரியை ஏற்றிவிடுவார்களாம். அதனால், எங்கள் பெயரை ஊரிலேயே எழுதிவிட்டார்கள் என்று சொல்லும்படி அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

கணக்கெடுக்க வந்த டீச்சரிடம் ஐந்து பேரும் அப்படியே சொன்னார்கள். நைட் ஷிப்ட் முடித்து, குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த செல்வி அக்கா மட்டும் சொல்லவில்லை. தன் அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று கிளம்பி வந்தவள் அவள்.

"எங்கய்யா என் பேரச் சொல்ல மாட்டாவ டீச்சர். இங்கன எழுதலன்னா நான் எங்கயுமே இல்ல."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. குடும்பத் தலைவர் யார் என்று டீச்சர் கேட்டார். அந்த அறையில் ஒருவருக்கொருவர் உறவே கிடையாது. மற்றவர்கள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். செல்வி அக்கா சிரிக்கவில்லை.

"நாந்தான்" என்றாள்.

டீச்சர் பேனாவை மூடாமல் அம்மாவைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க டீச்சர். வரி வந்தா பாத்துக்கலாம்" என்றார் அம்மா. அன்றைக்கு எனக்கு அம்மாவை ரொம்பப் பிடித்திருந்தது.

அதன்பின் ஃபேனை யார் பக்கம் திருப்புவதென்றாலும், "தலைவி, உத்தரவா?" என்று கேட்டு அவளை ஓட்டுவார்கள். அவளும் கெத்தாகத் தலையாட்டுவாள்.

இப்போது மறுபடியும் கணக்கெடுப்பு. லைன் வீட்டை இடித்த இடத்தில் மூன்று மாடி ஹாஸ்டல் நிற்கிறது; செல்வி அக்கா எங்கிருக்கிறாள் என்று தெரியவில்லை. செல்போனில் கணக்கெடுக்க வந்த வேறொரு டீச்சரை வார்டன் கேட்டிலேயே உட்காரவைத்து, பெயர்களை வரிசையாக வாசித்தார். மாடியில் நைட் ஷிப்ட் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோர் பெயரும் ஏறிவிட்டது. தலைவி யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.