நாங்கள் வரைந்த வாளி

எங்கள் மாதிரித் தகட்டை வாத்தியார் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியபோது நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். இன்று அதை நினைத்தால் கூசுகிறது. ஜொகூர் பாருவில் நான் தொழில் படித்துக்கொண்டிருந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஒரு சீன நண்பன், இரண்டு மலாய் நண்பர்கள், நான். நால்வரும் சேர்ந்து ரப்பர் பால் சுமக்கும் வாளிக்கு மாதிரித் தகடு செய்ய வேண்டும். அதைத் தகரத்தின்மேல் வைத்துக் கோடு இழுத்து, வெட்டி வளைத்தால் வாளி வந்துவிடும். துண்டுத் தகரம் வீணாகாமலிருக்க வாளியின் வயிற்றை அகட்டலாம் என்று சொன்னவன் நான். பழைய வாளியைவிட அதிகப் பால் பிடித்தது. பார்க்க வந்த துரை ஒருவர், தம் தோட்டங்களுக்கு இனி இந்த வாளிதான் என்றார். அவற்றில் ஒன்று, தங்காக் பக்கம் என் அக்கா பால்மரம் வெட்டிப் பால் இறக்கும் தோட்டம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடுமுறைக்கு அக்காவிடம் போனேன். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் எங்கள் வாளிகள் தொங்க, பெண்கள் பால் கொட்டகைக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வாளிகளெல்லாம் வயிற்றில் நசுங்கியிருந்தன. எங்கள் வேலையில் ஏதோ பிழை என்று பதறிப்போனேன். பக்கத்து வீட்டு அத்தை நின்று சொன்னார்:

"நாங்கதான் தம்பி கல்லால நசுக்குனோம். ரொம்பப் பால் புடிக்குது. கங்காணி விளிம்பு வரைக்கும் ஊத்தச் சொல்றாரு. தோளு என்னாத்துக்கு ஆவும்?"

வரைந்தது யாரென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடைசியாக அக்கா வந்தாள். அவளுடைய வாளிகள் மட்டும் துளியும் நசுங்காமல், பால் தளும்பத் தளும்ப ஆடின.

வீட்டில் அவள் குனிந்து அடுப்பு ஊதியபோது பார்த்தேன். ரவிக்கை ஓரத்தில் தோள் கன்றித் தோல் உரிந்திருந்தது.

"நீ மட்டும் ஏங்க்கா நசுக்கல?"

"போடா. என் தம்பி செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அத நானே நசுக்குவேனா?"

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்புமுன் கல்லை எடுத்தேன். ஓடிவந்து கையைப் பிடித்தாள். உதறிவிட்டு இரண்டையும் அடித்தேன். நசுங்கிய இடத்தை முந்தானையால் துடைத்தாள், அடிபட்ட பிள்ளையைத் துடைப்பதுபோல. பிறகு கம்பை மற்றத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அதற்குப்பின் பல வருஷம் இருந்தாள். நான் செய்த ஒவ்வொன்றையும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டாள். அந்த வாளியைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்.