அரிவாளில் ஏறிய செம்பு

கல்லூரியில் முதல் வருடம் முடிந்தபோது தமிழிலும் ஒரு கணக்குத் தாளிலும் மட்டுமே நான் தேறியிருந்தேன். வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்திருந்தேன். அதில்தான் மதிப்பெண் மிகக் குறைவு. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்வேன். கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் அதையே மனப்பாடம் செய்வேன். தேர்வில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது.

முடிவு வந்த அன்று வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"அரியர்னா திரும்ப எழுதலாம்ல?"

"எழுதலாம்ப்பா."

"அப்ப எழுது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதுவே எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அந்த விடுமுறையில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் டிரம்மில் மயில்துத்தத்தைக் கரைத்து, இன்னொன்றில் சுண்ணாம்பைக் கரைத்து, இரண்டையும் கலப்பார்கள். மயில்துத்தம் வந்த மூட்டையில் 'காப்பர் சல்பேட்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தேர்வில் பலமுறை எழுதிய பெயர்தான். சின்ன வயதிலிருந்து என் கையில் ஒட்டிய நீலத்தின் பெயர் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, அப்பா பழைய அரிவாளைக் கலவைக்குள் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தார். அதன் மேல் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது.

"சுண்ணாம்பு பத்தல. இன்னும் ஊத்து ஆத்தா. இப்படியே அடிச்சா கொழுந்து கருகிரும்."

"ஏப்பா, அந்தச் சிவப்பு எங்கருந்து வருது?"

"துத்தத்துலருந்துதான்."

"துத்தம் நீலமால்ல இருக்கு?"

அப்பா அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, ஆமா. இத்தன வருசமா முக்குறேன், இது தோணலியே. காலேஜ்ல கேட்டுட்டு வந்து சொல்லு."

அதுவரை வகுப்பில் நான் வாய் திறந்ததே இல்லை. கல்லூரி திறந்ததும் ஆய்வகத்தில் மேடத்திடம் போய் நின்றேன். ஆங்கிலத்தில் கேட்க நினைத்துத் திணறி, கடைசியில் தமிழிலேயே கேட்டுவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ஒரு சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, இரும்பு ஆணியைப் போட்டு, "பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆணி மெல்லச் சிவந்தது. வெகுநேரம் கழித்துப் பார்த்தால் நீலம் வெளிறிப் பச்சை தட்டியிருந்தது. இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகிறது. தண்ணீருக்குள் இருந்த செம்பு வெளியே வந்து ஆணியில் உட்காருகிறது. நான் மனப்பாடம் செய்து தேர்வில் பாதியில் மறந்த அந்த ஆங்கில வரி இதைத்தான் சொன்னது. அதைப் படிக்கும்போது ஒருமுறைகூட எனக்குள் ஓர் ஆணி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னேன்.

"மேடம் என்ன சொன்னாக?"

"அவுக சொல்லல. நானே பாத்தேன்ப்பா. ரெண்டும் இடம் மாத்திக்கிருது."

"சரி, அப்பச் சுண்ணாம்பு போட்டா மட்டும் ஏன் மாத்திக்க மாட்டேங்குது?"

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். சுண்ணாம்பு சேர்ந்ததும் செம்பு தண்ணீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. கரைந்து கிடந்தால்தானே ஆணிக்கு வரும்! இதைக் கண்டுபிடிக்க அகராதியும் கையுமாக ஒரு மதியம் முழுக்க ஆனது. அந்தப் பக்கங்களை மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதலில் தமிழில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். பதில் பிடிபட்ட பிறகுதான் ஆங்கில வார்த்தைகளைத் தேடுவேன். எல்லாவற்றுக்கும் இது பலித்தது என்று சொல்ல முடியாது. இயற்பியல் தாள் ஒன்றில் மறுபடியும் தோற்றேன். கரிம வேதியியலில் எனக்குக் கேள்வியே எழவில்லை. அதைப் பழைய வழியில் மனப்பாடம் செய்துதான் தப்பித்தேன். ஆனால் இரண்டாம் வருடக் கடைசியில் பாக்கி எல்லாம் தீர்ந்தது. மூன்றாம் வருடம் முடிவில் முதல் வகுப்பு, மயிரிழையில்.

மேற்படிப்புக்கு மதுரை போனேன். முதல் நாள் பேராசிரியர், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். நான் எழுந்து, உப்பு கரையும்போது தண்ணீர் ஏன் குளிர்கிறது, சில உப்புக்கு மட்டும் ஏன் சுடுகிறது என்று கேட்டேன். பள்ளிக்கூடக் கேள்வி என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள். பேராசிரியர் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். மணி அடிக்கும்வரை அதைத்தான் பேசினார்.