தண்ணீரில் முக்கிப் பார்த்த டம்ப்ளிங்

பஞ்சர்க்காரருக்கு, மகள்கள் பணம் கட்டி அனுப்பிய சீனச் சுற்றுலா கிளம்பிய அன்றைக்கே பதவி உயர்வு கிடைத்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டாள். அவர் மனைவி கொஞ்சமும் கூசாமல், "ரப்பர் கம்பெனி வெச்சிருக்கார்" என்றாள். முப்பத்திரண்டு வருஷமாக ரோட்டோரம் குந்தி டியூப் ஒட்டுகிற மனுஷன், உட்கார்ந்த இடத்திலேயே முதலாளி ஆகிவிட்டார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

விடுதி அறைக்குப் போனதும் அவள் சட்டம் போட்டாள். "பத்து நாள்தாங்க. கையை ஜேப்பிலயே வெச்சுக்கோங்க. என்னை யாரும் பஞ்சர்க்காரன் பொண்டாட்டின்னு கூப்பிடாம ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போறேனே." அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பு எந்தச் சோப்புக்கும் அசையாத ஜாதி. பாவம், சாப்பிடும்போது மட்டும் கையை வெளியே எடுத்தார்.

நாலாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. பஸ் கிளம்பவில்லை. விடுதிக்காரம்மா எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு, டம்ப்ளிங் என்கிற சீனக் கொழுக்கட்டை செய்ய உட்கார வைத்தாள். மாவை வட்டமாகத் தேய்த்து, நறுக்கின முட்டைக்கோஸும் காளானும் வைத்து, மடித்து ஓரத்தை அழுத்த வேண்டும். அந்தம்மா சொன்னதை வழிகாட்டி மொழிபெயர்த்தான்: ஒவ்வொருத்தர் தட்டும் தனித்தனியாக வேகும், யாருடையது வாய் பிளக்கிறதோ அவர்தான் எல்லார் பாத்திரமும் கழுவ வேண்டும்.

முதல் தட்டு, கூட வந்திருந்த ஆபீசருடையது. ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் வழிகாட்டிக்கே வழி சொல்லிக்கொடுக்கிற ஆசாமி. அவர் செய்த எட்டும் முழுசாக வெந்து வந்துவிட்டன. அப்புறம் அந்த வாயை யார் மூட முடியும்?

"அடுத்தது முதலாளியம்மா தட்டா? வீட்டுல சமையலுக்கு ஆள் இருக்கும், பழக்கம் இருக்காது" என்று சிரித்தார்.

பாத்திரம் கழுவ அவள் பயப்படவில்லை. இந்த ஆள் கேலியை ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்றுதான் பயம். "ஏங்க, என்னோடது தாங்குமா?" என்று புருஷன் காதில் கேட்டாள்.

பெண்டாட்டி கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். ஜேப்பிலிருந்து இரண்டு கையும் வெளியே வந்தன. ஒரு டம்ப்ளிங்கை எடுத்துக் கன்னத்துப் பக்கம் வைத்து மெதுவாக அமுக்கினார். காத்து பட்டது போலிருந்தது. உடனே முட்டைக்கோஸ் கழுவின தண்ணீரில் அதை முக்கிவிட்டார். குபுகுபுவென்று குமிழி வந்தது.

"தோ, இங்கதான் லீக்கு!" என்றார் பெரிய சந்தோஷத்தோடு. துடைத்தார், கிள்ளி ஒட்டினார், உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். அடுத்ததை எடுத்தார். அவள் செய்த ஆறும் முடிகிறவரைக்கும் தலை நிமிரவில்லை. அதற்குள் முதலில் முக்கினது பசையாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. விடுதிக்காரம்மா கத்தின கத்தலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

"என்ன சார் இது, பஞ்சர் கடை வேலையாச்சே!" என்றார் ஆபீசர்.

அவள் முகம் செத்துவிட்டது. புருஷன் தடுமாறினார். "கம்பெனியில... செக்கிங்குல இப்படித்தான் பார்ப்போம்..."

"நல்லவேளை சார். பஞ்சர்க்காரன் கை பட்டதை நான் வாயில வைக்க மாட்டேன்" என்றார் ஆபீசர்.

அவள் விருட்டென்று எழுந்தாள். "அப்ப வைக்காதீங்க! இது பஞ்சர்க்காரர் கைதான். கம்பெனியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பொய் சொன்னது நான். இந்தக் கையாலதான் என் ரெண்டு பொண்ணுங்களும் படிச்சாங்க."

விடுதிக்காரம்மா எதுவும் புரியாமல் அவள் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் கவிழ்த்தாள். அத்தனையும் கரைந்து கூழாகிவிட்டது. சொன்னபடி புருஷனும் பெண்டாட்டியும் பாத்திரம் கழுவப் போனார்கள்.

"பஸ்ஸுலயே இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஏன் கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க?" என்று அவரிடம் பாய்ந்தாள்.

அவர் ஒரு கிண்ணத்தைத் தேய்த்தபடியே சொன்னார்: "ரப்பர் கம்பெனின்னு சொல்றப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அப்படிப் பார்க்கலை. கெடுக்க மனசு வரலை."

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.