பெங்களூருக்குப் போன அத்தை

நான் எழுதிய வானொலி நாடகங்கள் எத்தனை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நூற்றுக்கணக்கில் இருக்கும். எங்கள் பக்கத்தில் வானொலி நிலையம் தொடங்கிய புதிதில் நாடகம் எழுத ஆள் கிடைக்கவில்லை. அப்போது நான் அரூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். கோயில் திருவிழாவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு மேடை நாடகத்தைப் பார்த்துவிட்டு நிலையத்தின் நிகழ்ச்சி அமைப்பாளர் ஆள் அனுப்பினார். ரேடியோவுக்கு எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்தவில்லை, நானும் எழுதுவதை நிறுத்தவில்லை.

வாராவாரம் ஒரு விவசாயக் குடும்பத் தொடர். அது போகத் தடுப்பூசிக்கு ஒன்று, பொங்கலுக்குச் சிரிப்பு நாடகம் ஒன்று, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஒன்று. வேறு யாராவது எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்டால் அதையும் என்னிடமே கேட்பார்கள். ஒரே ஆளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நன்றாக இருக்காது என்று அமைப்பாளர் எனக்குப் புனைபெயர்கள் வைத்தார். ஒருநாள் அரூர் பஸ் நிலைய டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் என்னிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களவிட அந்த இன்னொருத்தரு நல்லா எழுதறாருங்க" என்றார். அவர் சொன்ன இன்னொருத்தரும் நான்தான். அப்படீங்களா என்று கேட்டுக்கொண்டேன். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

எழுதியவர் பெயரை நாடகம் முடிந்த பிறகுதான் வாசிப்பார்கள். அதற்குள் கேட்டவர்கள் எழுந்து போயிருப்பார்கள், அல்லது பெட்டியை அணைத்திருப்பார்கள். நடித்தவர்களுக்காவது குரல் இருந்தது. குரலை வைத்து ஊரில் அடையாளம் சொன்னார்கள். எனக்கு அதுவும் இல்லை.

எழுதும்போது எல்லாருடைய வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். காதுக்கு எழுதுகிறவன் அப்படித்தான் எழுத முடியும். என் மனைவி அடுப்படியில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நாடகம் ஒலிபரப்பாகும் நேரத்தில் ரேடியோவைப் போடச் சொன்னால் போடமாட்டாள். "உங்க வாயாலயே கேட்டாச்சுங்களே. பொட்டியில வேற எதுக்கு?" என்பாள். நானும் அந்த நேரத்தில் அடுத்த வாரத்துக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

தொடரில் ஓர் அத்தை வருவாள். கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். முதலில் ஓரிரு வாரங்களுக்கென்றுதான் அவளைக் கொண்டுவந்தேன். அந்த வேடத்துக்கு மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு பால்வாடி டீச்சர் வந்தார். முதல் ஒத்திகையிலேயே எல்லாரும் தாளைக் கீழே இறக்கிவிட்டு அவரைப் பார்த்தோம். நான் எழுதியதைத்தான் அவர் படித்தார். ஆனால் அது வயலிலிருந்து இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்த ஒருத்தியின் பேச்சாக இருந்தது. அத்தையை அதன் பிறகு என்னால் தொடரை விட்டு அனுப்ப முடியவில்லை. குடும்பத்தில் எது நடந்தாலும் கடைசியில் அத்தை என்ன சொல்வாள் என்றே எழுத்து ஓடியது. மாவட்டம் முழுக்க அவரை ரேடியோ அத்தை என்றார்கள்.

தாள் புரட்டும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதற்காக வசனத் தாள்களைக் குத்தித் தைக்காமல் தனித்தனியாகத்தான் கொடுப்பார்கள். படித்து முடித்த தாளை ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் கம்பளத்தின்மேல் நழுவவிடுவார்கள். பதிவு முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு அவற்றைப் பொறுக்கி அடுக்குவேன். டீச்சர் மட்டும் சில நாள் நின்று உதவுவார். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. "வரேங்க சார்", "வாங்க டீச்சர்." அவ்வளவுதான்.

அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்ததும் டீச்சர் வருவது நின்றது. வேறு குரல் பார்க்கலாம் என்றார் அமைப்பாளர். வேறு குரலுக்கு அந்த வசனம் எனக்கு வரவில்லை. மகளுக்குப் பிரசவம் என்று அத்தையைப் பெங்களூருக்கு அனுப்பினேன். போய்விட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதாக மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்துத் தொடரே நின்றது. டேப் தட்டுப்பாடு இருந்த காலம். பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்தார்கள். வீட்டில் வைத்திருந்த கார்பன் பிரதிகளைக் கரையான் தின்றது.

ஓய்வு பெற்று, நெடுஞ்சாலையை ஒட்டி அதியமான்கோட்டையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகன் என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனான். அவனும் மருமகளும் அன்பாகத்தான் இருந்தார்கள். காலையில் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை நான் வாய் திறக்க வேலை இல்லை. பால்கனியில் நின்று கீழே நிற்கும் கார்களைப் பார்ப்பேன். ஒருநாள் மருமகள் வந்து என்னவோ கேட்டபோது தொண்டையிலிருந்து குரலே எழும்பவில்லை, இருமித்தான் எழுப்பினேன். ஊருக்கே போகிறேன் என்று திரும்பிவந்தேன். இங்கேயும் பேச ஆள் இல்லைதான். ஆனால் லாரிச் சத்தமாவது இருக்கிறது.

போன தை மாதம் மச்சினன் வீட்டு விசேஷத்துக்காக மாரண்டஹள்ளி போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் காய்கறிக் கடைகள் பக்கமாக நடந்தேன். பின்னால் யாரோ பீன்ஸ் விலை கேட்டார்கள்.

"நேத்து பறிச்சத இன்னிக்குப் பறிச்சதுன்னு சொல்றீங்க. ஒடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். உடனே திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றிருந்தது. பை நிறைந்து அவர் கிளம்பிய பிறகுதான் திரும்பினேன். முகத்தை மட்டும் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. தலை முழுக்க வெளுத்திருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது.

"டீச்சர்" என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சாருங்களா? நாடகம் எழுதற சாரு? இன்னும் இருக்கீங்களா?" என்றவர் உடனே சங்கடப்பட்டு, "வாங்க சார், வூடு பக்கத்துலதான்" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் காபி போடச் சொல்லி மருமகளிடம் "காபி மாடம்மா" என்றார். மருமகளும் "ஆகலி அத்தே" என்று கன்னடத்திலேயே பதில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மண்ணின் பேச்சு என்று மாவட்டமே கொண்டாடிய அத்தையின் வீட்டுப் பாஷை கன்னடம்.

"தமிழு பால்வாடியில கத்துக்கிட்டதுங்க. புள்ளைங்கள வுட வர்ற ஆத்தாமாருங்க பேசறதக் கேட்டு" என்றார் டீச்சர்.

அவர் ரேடியோவில் நடித்தவர் என்பது மருமகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "நெஜமாவாங்க?" என்று காபி டம்ளரோடு நின்றுவிட்டாள். கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

"நானே கேட்டதில்லையே சார்" என்றார் டீச்சர். "எங்க மாமனாரு கன்னட ஸ்டேஷன் மட்டுந்தான் வெப்பாரு. அந்த முள்ள யாரும் தொடக் கூடாது. என் கொரலு ரேடியோவுல எப்படி இருந்துதுன்னு எனக்குத் தெரியாது."

நானும் உட்கார்ந்து கேட்டதில்லை என்பதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும் சார். ரொம்ப நாளா மனசுல இருக்கு. நான் நின்னப்புறம் அந்த அத்தை என்னா ஆனா?" என்றார்.

"மக பிரசவத்துக்குப் பெங்களூர் போனாங்க."

"அது தெரியும், பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க. போயி?"

போய் என்ன ஆனாள் என்று நான் யோசித்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அங்கேயே சொல்லத் தொடங்கினேன். நாலாவது மாடியில் வீடு. மகளும் மருமகனும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறார்கள். அத்தை பால்கனியில் நின்று கார்களைப் பார்க்கிறாள். நாளாக நாளாகப் பேச்சு குறைகிறது. ஒருநாள் மகள் வந்து கேட்கும்போது குரல் எழும்பவில்லை. அங்கே நிறுத்தினேன். யார் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் தலையை ஆட்டினார். "இல்லீங்க சார். அவ அப்பிடி நின்னுக்கிட்டு இருக்க மாட்டா."

"என்ன பண்ணுவாங்க?"

"கீழ எறங்கிடுவா. வாசல்ல வாச்மேன் இருப்பான் இல்லீங்களா, அவன்கிட்டப் போயி" என்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து வந்தது அவருடைய பேச்சு இல்லை. "ஏம்பா, சாப்ட்டியா? உனுக்கு எந்த ஊரு? தெலுங்கா, கன்னடமா? எதுவா இருந்தாலும் பேசு. வாய் இருக்கறது சோறு திங்க மட்டும் இல்ல."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரில் அத்தை உட்கார்ந்திருந்தாள். நான் எழுதாத வசனத்தை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீச்சர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. "இன்னொரு வாய் காபி குடிங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். அத்தை பெங்களூரில் கீழே இறங்குகிறாள். வாச்மேனின் மனைவியைப் பேச்சுக்குப் பிடிக்கிறாள், ஏழாம் மாடியில் இருக்கும் ஒரு வங்காளிக் கிழவரைப் பிடிக்கிறாள். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஐயா, யாருகூடப் பேசறீங்க?" என்று கேட்டார். போனில் என்றேன்.

ஒரு நாடகத்துக்குத் தேவையான அளவு சேர்ந்ததும் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறினேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"அவங்க ஓசூருக்குப் போயிட்டாங்களே. மவனுக்கு அங்க கம்பெனியில வேல. அந்தம்மா வர மாட்டேன்னுதான் சொன்னாங்க. ஒத்தையில எப்படிங்க வுட்டுட்டுப் போறது?"

போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். வீடு திரும்பித்தான் பேசினேன். டீச்சரின் குரல் சற்று மங்கியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மூணாவது மாடிங்க சார். லிப்டு இருக்குது. எனக்கு அதுல போகப் பயம்."

கீழே இறங்கவில்லையா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "படிங்க சார்" என்றார். முதல் காட்சியைப் படித்தேன். அத்தையின் இடம் வந்ததும் அவர் சொல்லட்டும் என்று நிறுத்தினேன். அவர் கையில் தாள் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நானே அத்தையாகவும் பேசினேன். நடுவில் ஓரிடத்தில், "அந்த எடத்துல அவ வாப்பான்னு சொல்ல மாட்டா. வாடா கண்ணுன்னு வெச்சுக்குங்க" என்றார். பேனாவை எடுத்துத் திருத்தினேன்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. "பேத்தி எந்திரிச்சிட்டா. அப்பறம் கூப்புடறேங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் அவர் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. வீட்டில் என்ன வேலையோ என்று நானும் கூப்பிடவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திருத்திய காட்சியை முதலிலிருந்து உரக்கப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மேசையில் வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, இரண்டாம் காட்சி என்று எழுதினேன்.